பதினோரு மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள்

செருப்பைப் பார்த்தாலே புதுசு என்று தெரிகிறது. ஒன்பதாம் நம்பர், ஆம்பளைச் செருப்பு, பிரவுன் கலர், நேற்றுச் சாயங்காலம் கணபதி பஸ் ஸ்டாப் எதிர்க்கடையில் வாங்கியது. கடைக்காரர், "சாரக் கூட்டிட்டு வந்து போட்டுப் பாத்து வாங்குங்க மேடம், அளவு பத்தலைன்னா மாத்தித் தரமாட்டோம்" என்றார். அளவெல்லாம் எனக்குத் தெரியுங்க என்றேன். தெரியாமலா இருக்கும், பதினெட்டு வருஷம் வாசலில் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே என்று கழற்றி எறிந்த செருப்பை அடுக்கி வைத்தவள் நான்தானே. அத்தனையையும் காரியம் முடிந்த மறுநாளே மூட்டை கட்டி ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு ஜோடியாவது வைத்திருக்கலாம். இப்படி ஒரு நாளைக்கு வேண்டியிருக்கும் என்று யார் கண்டது. காம்பவுண்டு சுவரில் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்க்கிறேன், தேயமாட்டேன் என்கிறது. சரி, நானே போட்டுக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், என் கால் அதில் பாதிக்குத்தான் வருகிறது, மீதி தரையில் டப்டப்பென்று அடிக்கிறது. யாராவது மாடியிலிருந்து பார்த்தால் சுகுணாவுக்குக் கழண்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மணி எட்டேகால். பதினோரு மணிக்குப் பார்ட்டி வருகிறது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கும் முன்னால் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் செத்துப்போன மனுஷனை நான் இந்த வீட்டில் குடிவைத்தாக வேண்டும். குழாயடியில் ஈரமண் கிடக்கிறது, அதில் ரெண்டு மிதி மிதித்துக் காயவைத்தால் சரியாகிவிடும்.

யோசனை என்னுடையது இல்லை, புரோக்கர் ஈஸ்வரனுடையது. இல்லை, பாதிதான் அவனுடையது. படத்தை இறக்கச் சொன்னது அவன், செருப்பு வாங்கியது நான். என்ன செய்வது, நாலு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயாச்சு. வடக்குப் பார்த்த வாசல், நாலேகால் சென்ட், உப்பில்லாத போர் தண்ணி, பத்து நிமிஷம் நடந்தால் பஸ். எல்லோருக்கும் பிடிக்கும், ஹாலுக்குள் கால் வைக்கும்வரைக்கும். ஹாலில் சோபாவுக்கு மேலே சந்தன மாலையும் சிவப்பு பல்புமாக அவர் சிரித்துக்கொண்டிருப்பார். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு எடுத்த படத்தை மார்புவரைக்கும் வெட்டிப் பெரிசு பண்ணியது. வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சின்ன வயசாட்ட இருக்குதே, என்ன ஆச்சுங்க? ஹார்ட் அட்டாக்குங்க. ஆஸ்பத்திரியிலயாங்க? அந்தக் கேள்விக்கு நான் ஒரு மூச்சு தாமதித்தால் போதும், அவர்கள் கண் உள்ரூம் பக்கம் போய்விடும். பிறகு தண்ணி குடிக்கக்கூட உட்கார மாட்டார்கள். மூன்றாவது பார்ட்டி அதையும் தாண்டி வந்தார்கள், ஆஸ்பத்திரியில்தான் என்று கூசாமல் சொல்லியிருந்தேன். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு ராஜாமணியம்மா காத்திருந்து, "நல்ல வூடுதானுங்க, அடைப்பு மட்டும் இல்லீன்னா நாங்களே வாங்கியிருப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்றைக்கு அவள் மருதமலைக்குப் போயிருக்கிறாள், திரும்ப மத்தியானம் ஆகும். அதை விசாரித்துக்கொண்டுதான் ஈஸ்வரன் ஞாயிற்றுக்கிழமை வைத்தான். "ஏனுங்க்கா, பொய் சொல்லச் சொல்லலீங்க. படத்த மட்டும் எறக்கி வெச்சிருங்க. வூட்டுக்காரர் எங்கீங்கன்னு கேட்டா வெளிய போயிருக்காருன்னு சொல்லுங்க." பத்திரம் ரெண்டு பேர் பேரில் இருக்கிறது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் காட்டித்தானே ஆகவேண்டும், அப்போது தெரிந்துவிடாதா என்றேன். "பிடிச்சுப்போன வூட்ட ஒருத்தரும் உடமாட்டாங்க்கா. மொதல்ல பிடிக்கட்டும்" என்றான். சரி என்றுவிட்டேன். இன்றைய தேதிக்கு யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற நிலைமையில்தான் இருக்கிறேன்.

படத்தை இறக்கியாயிற்று. இறக்கின இடத்தில் ஒரு சதுரம் வெள்ளையாக நிற்கிறது, சுற்றிலும் சுவர் அழுக்கேறியிருப்பது இப்போதுதான் தெரிகிறது, மேலே ஆணி, ஆணியிலிருந்து பல்பு ஒயர் வேறு தொங்குகிறது. காலண்டரை மாட்டினால் சதுரம் மறையவில்லை. கடிகாரம் அதைவிடச் சின்னது. கடைசியில் என் மகள் சம்மு ஆறாவது படிக்கும்போது வரைந்து ஃபிரேம் போட்ட மயில் ஒன்று பரண்மேல் இருந்தது, அது சரியாகப் பொருந்திவிட்டது, ஒரு பக்கம் ரெண்டு விரல் அகலம் மட்டும் தெரிகிறது, தெரிந்தால் தெரியட்டும். ஆனால் இவரை எங்கே வைப்பது? பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், அலமாரி எத்தனை அடி ஆழம் என்று கையை விட்டுப் பார்ப்பார்கள், போன தடவை வந்த பொம்பளை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் போடுவதற்கு மனசு வரவில்லை. வாஷிங் மெஷினை யாரும் திறக்க மாட்டார்கள். மாலையைக் கழற்றி, படத்தை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, நிமிர்த்தி உள்ளே வைத்து மூடினேன். மூடினதும் மூச்சு முட்டுமே என்று திரும்பத் திறந்தேன். என்ன பைத்தியக்காரத்தனம். கொஞ்ச நேரங்க, பன்னிரண்டு மணி வரைக்கும், சம்முக்காகத்தான் என்று வாய்விட்டே சொன்னேன். சம்முவுக்காக என்றால் அவர் எதற்கும் சரி என்பார். ஒரு மழைநாளில் மூன்றாவது மாடியிலிருந்த டான்ஸ் கிளாஸுக்கு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார், மூச்சு வாங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்னமும் நம்ப முடியவில்லை, மூச்சு வாங்காத மனுஷனுக்கு எப்படி அப்படி ஆகும். ஆகும், டாக்டர் சொன்னார், முன்கூட்டியே உடம்பு ஏதாவது சொல்லியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றார். வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். சவரக் கத்தியும் பிரஷும் வாஷ்பேசினில் வைக்க வேண்டும், லுங்கி ஒன்றை நனைத்து மாடிக் கொடியில் போட வேண்டும், சிங்கில் ரெண்டு காபி டம்ளர் கழுவாமல் கிடக்க வேண்டும். வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

உள்ரூம்தான் பெரிய வேலை. நேற்றே மஞ்சத்தண்ணி தெளித்துத் துடைத்து, புதுத் திரைச்சீலை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். சாம்பிராணி போடாதீங்க, சாவு வூட்டு நெனப்பு வரும் என்று ஈஸ்வரன் சொன்னான், அதனால் காபிக்கொட்டை வறுத்தேன், இப்போது அந்த அறை ஹோட்டல் மாதிரி மணக்கிறது. அவிட்டத்தில் போனார். அவிட்டத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு, அந்த அறையைச் சாத்தி வைக்கணும், முடிந்தால் வீட்டையே பூட்டிவிட்டு வேறெங்காவது போய் இருக்கணும் என்றார்கள். நான் எங்கே போக. அறையைப் பூட்டி, நிலையில் தினம் விளக்கு வைத்து, ஹாலில் படுத்துக்கொண்டேன், ஆறு மாதம் முடிந்து ஐயரை வைத்து சாந்தி பண்ணித் திறந்தேன். அறைக்கு அடைப்பு தீர்ந்தது, ஊர் வாய்க்குத் தீரவில்லை. ஊர் கிடக்கட்டும், எனக்கு வேண்டியது சம்மு. அன்றைக்கு வீட்டில் அவரோடு இருந்தது அவள் ஒருத்திதான், பதினாலு வயசு. காரியம் முடிந்ததும் என் நங்கையா, அவருடைய அக்கா, கொஞ்ச நாள் மாறுதலாக இருக்கட்டும் என்று ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் ஒரு மாதமாகி, அங்கேயே பத்தாவது சேர்ந்து, பரீட்சையும் எழுதி முடித்துவிட்டாள். பதினாலு மாதம். "அங்க வரமாட்டேங்குது சுகுணா. புள்ள பயந்துகெடக்குது, அந்த வூடு ஆகாது. வூட்ட வித்துட்டு வேற வூடு பாரு, அப்பறம் அனுப்பி வெக்கறேன்" என்றார் நங்கையா. இல்லாவிட்டால் பிளஸ் ஒன்னும் அங்கேயே. வெள்ளிக்கிழமைக்குள் அட்மிஷன் போட வேண்டுமாம். போட்டுவிட்டால் இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் காலேஜ், ஹாஸ்டல், அப்புறம் எங்கேயோ வேலை. அவ்வளவுதான், என் பிள்ளை எனக்கு விருந்தாளி. இப்போதே அப்படித்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பேக்கரிப் பையோடு போகிறேன், வாங்க என்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள். என்னை நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை எப்போது நீங்க என்று மாறினாள், எந்தச் சனிக்கிழமை என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வீட்டை விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சரியாகித்தான் ஆகவேண்டும். பயப்படுகிறாள், அவ்வளவுதான், சின்னப் பிள்ளை, கண் முன்னால் அப்படி நடந்தால் எனக்கே பயமாக இருக்கும். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

பால் பொங்கிவிட்டது, அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மணி ஒன்பதரை. துடைக்கிறேன், துடைக்கத் துடைக்கத் தீய்ந்த வாடை, ஜன்னலைத் திற, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு. போன் சைலண்டில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, இப்போது அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அடுப்பு துடைத்தாலும் துணி மடித்தாலும் அந்த வாக்கியம் தானாக வந்துவிடுகிறது. பொள்ளாச்சி மண்டபத்தில் ஒரே மேளச் சத்தம், போன் சைலண்டில் பேகுக்குள் கிடந்தது, பார்க்கவில்லை. நங்கையாவிடம் சொன்னேன், ராஜாமணியம்மாவிடம் சொன்னேன், துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன், சம்முவிடம் ரெண்டு தடவை சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த பேகின் ஜிப் ஞாபகத்தில் தெரிகிறது. சித்தப்பா பையனுடைய நிச்சயதார்த்தம். காலையில் கிளம்புகிற நேரத்தில் அவர், "நெஞ்சு ஒரு மாதிரி பாரமா இருக்குது, நீ மட்டும் போயிட்டு வந்துரு" என்றார். அவர் எப்போது என் பக்கத்து விசேஷத்துக்கு ஒழுங்காக வந்திருக்கிறார்? வளைகாப்புக்குக் காய்ச்சல், கிரகப்பிரவேசத்துக்கு ஆடிட். "எங்க வீட்டு விசேஷம்னா உங்களுக்கு நெஞ்சு பாரமாத்தான் இருக்கும். நடிக்காதீங்க" என்றேன். சம்மு தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்தார், சரி போ, நடிக்கல என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளை வரலையா, மாப்பிள்ளை வரலையா. போன் என் கையில்தான் இருந்தது. பேகில் இல்லை, கையில், போட்டோ எடுக்க எடுத்து வைத்திருந்தேன். அவர் பேர் வந்தது. சமாதானம் பண்ணக் கூப்பிடுகிறார், கொஞ்சம் தவிக்கட்டும் என்று கட் பண்ணினேன். திரும்ப வந்தது, கட் பண்ணினேன். மூன்றாவது தடவை தட்டில் வெற்றிலையை வைத்துக்கொண்டே, பார்க்காத மாதிரி, கட்டை விரலால். அவர் இல்லை அது. சம்முவுக்குத் தனியாகப் போன் கிடையாது, அப்பா போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். நாலாவதாக ராஜாமணியம்மா நம்பர் வந்தது. அதை எடுத்தேன். இது யாருக்கும் தெரியாது. என் கட்டை விரலுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், அதனால் போன் சைலண்டில் இருந்தது, சைலண்டில்தான் இருந்தது, அடுப்பு பளிச்சென்று ஆகிவிட்டது, இனி குளிக்கப் போகலாம்.

பச்சைப் பட்டு வேண்டாம், ரொம்ப அதிகம். மாம்பழக் கலர் காட்டன் போதும். பொட்டை நான் எடுக்கவில்லை, இந்தக் காலத்தில் யாரும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் வகிட்டில் குங்குமம் வைத்துப் பதினாலு மாதம் ஆயிற்று. வைத்தேன். நெற்றியில் கொஞ்சம் சிந்திவிட்டது, அதுவும் நல்லதுதான், சுமங்கலிகள் அவசரத்தில் வைப்பது அப்படித்தான் இருக்கும். மல்லிகை ரெண்டு முழம் நேற்றே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். கழுத்துதான் காட்டிக்கொடுக்கும். வருகிற பொம்பளைகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். பூஜை சாமான் கடையில் மஞ்சள் கயிறு கேட்டபோது, "யாருக்குங்கம்மா கல்யாணம்?" என்றான். சொந்தக்காரங்களுக்கு என்றேன். கண்ணாடி முன்னால் நின்று பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டேன். கல்யாணத்தன்றைக்கு முதல் முடிச்சு மட்டும் அவர் போட்டார், மற்ற ரெண்டும் நங்கையா. பின்னால் நின்று, இறுக்கமா இருக்குதா கண்ணு என்று காதோரம் கேட்டுக் கேட்டுப் போட்டார். அந்த நங்கையாதான் இப்போது என் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்லை. மூன்று முடிச்சையும் நானே போட்டுக்கொண்டு கயிற்றை ரவிக்கைக்குள் விட்டேன். கண்ணாடியில் ஒருத்தி நிற்கிறாள், நன்றாக இருக்கிறாள், அவளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஹாலில் அவர் பேப்பர் புரட்டுகிற மாதிரி இருந்தது. ஏங்க, இதெல்லாம் பாவமா என்று கேட்டேன். காலிங் பெல் அடித்தது. பத்தே முக்கால்தான் ஆகிறது, அதற்குள் வந்துவிட்டார்கள்.

திருப்பூர்க்காரர்கள், புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர், பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை, அதுவே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. அவன் பேர் பிரபு, பனியன் கம்பெனியில் வேலை, இங்கே ஆபீஸுக்கு மாற்றல். அவள் ஹேமலதா, இருபத்தெட்டு இருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஒட்டி வைத்தாள். பின்னாலேயே ஈஸ்வரன் வந்து மயில் படத்தைப் பார்த்தான், என் கழுத்தைப் பார்த்தான். படத்தை இறக்கச் சொன்னால் இவள் ஆளையே எழுப்பிவிட்டாளே என்று நினைத்திருப்பான். "சார் இல்லீங்களா?" என்றான் பிரபு. "காலைலயே கெளம்பிட்டாருங்க. பம்ப்செட் கம்பெனில லோடு ஏத்தற நாளு, ஞாயிறும் கெடையாது ஒண்ணும் கெடையாது" என்றேன், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. ஏன் இந்தச் சுவரு நடுவுல வருதுங்க என்றாள் ஹேமலதா. அவருக்குத் தாளிக்கற நெடி ஹாலுக்கு வந்தா ஆகாதுங்க, தும்மிட்டே இருப்பாரு, அதுக்காக எழுப்புனது. இந்தக் கொக்கி எதுக்குங்க? பாப்பாவுக்குத் தூளி கட்டறதுக்கு அவரே அடிச்சது, பொழுதுக்கும் அவர்தான் ஆட்டுவாரு, நான் ஆட்டுனா எந்திரிச்சுக்குவா. சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பதினாலு மாதமாக அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும்தான் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், எப்படி இருந்தார் என்று இவள்தான் கேட்கிறாள். உள்ரூமுக்குப் போனோம். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டேன். அவள் நேராகப் போய் ஜன்னல் பக்கம், சரியாக அந்த இடத்தில் நின்று, கையை விரித்து, "என்ன காத்துங்க. ஏங்க, இங்கயே படுத்துக்கலாங்க நாம" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அங்கேதான் சம்மு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் பொள்ளாச்சியிலிருந்து வந்து சேரும்வரை யாரையும் எடுக்க விடவில்லை. சொல்லிவிடலாமா? இந்தப் பெண்ணை நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆனால் வெள்ளிக்கிழமை அட்மிஷன். "காத்து நல்லா வருங்க" என்றேன். அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வூடு கலகலப்பா இருக்குதுங்க. எங்கம்மா சொல்லியுட்டிருக்காங்க, நல்லா வாழ்ந்தவங்ககிட்டதான் வாங்கோணும்னு. சாவி குடுக்கறப்ப நீங்களும் சாரும் சேந்து நின்னு தட்டுல வெச்சுக் குடுங்க. அது ஒண்ணுதானுங்க எனக்கு" என்றாள். அதுக்கென்ன சாமி என்றேன்.

மூவரும் மொட்டை மாடி பார்க்கப் போனார்கள். மேலே தண்ணி டேங்கைத் தட்டுகிற சத்தம், சிரிப்பு. பிடித்துவிட்டது, விற்றுவிட்டது, இனிமேல் எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். சம்முவிடம் சொல்லியாக வேண்டும், இப்போதே. உள்ரூம் நிலையிலேயே சாய்ந்துகொண்டு நங்கையா நம்பருக்குப் போட்டேன். சம்முதான் எடுத்தாள். அத்தை குளிக்கறாங்க, சொல்லுங்க என்றாள். "கண்ணு, வூடு முடிஞ்சுரும் கண்ணு. வந்திருக்கறவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அத்தகிட்டச் சொல்லு, அட்மிஷன் போட வேண்டாம்னு. வடவள்ளில ஒரு வூடு பாத்து வெச்சிருக்கேன், வாடகைதான், மாடி வூடு, உனக்குத் தனி ரூமு. நல்லா விசாரிச்சுட்டேன், அங்க யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல." அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "எதுக்கு விக்கறீங்க?" என்றாள். "நீ வர்றதுக்குத்தான் சாமி. இந்த வூட்டுக்கு வரமாட்டேன்னியே." "வூட்டுக்கு வரமாட்டேன்னு நான் சொல்லல. அங்க வரமாட்டேன்னுதான் சொன்னேன். அத்தைதான் அடைப்பு அது இதுன்னு நெனச்சுக்கிட்டாங்க." அதற்குப் பிறகு அவள் குரல் எனக்குத் தெரியாத ஒரு குரலாக மாறியது. "அந்த வூடு என்னம்மா பண்ணுச்சு? எந்த வூட்டுக்குப் போனாலும் அங்க நீதானம்மா இருப்ப."

நீ என்றாள். எனக்கு முதலில் அதுதான் காதில் விழுந்தது, நீ என்கிறாள், பதினாலு மாதம் கழித்து என் பிள்ளை என்னை நீ என்கிறாள் என்று ஒரு நொடி உள்ளே ஏதோ துள்ளியது, மீதி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. போன் சைலண்டில் இருந்துச்சு சம்மு என்று வாய் தானாகச் சொல்லிற்று. "சைலண்ட்ல இருந்தா முழுசா ரிங் போகும்மா. மூணு தடவையும் ரெண்டாவது ரிங்லயே நின்னுபோச்சு. எனக்குத் தெரியாதாம்மா? அப்பா என் கையப் புடிச்சுட்டு, எடுத்தாளா, எடுத்தாளான்னு கேட்டாரு. எடுத்துட்டாங்கப்பா, பஸ் ஏறிட்டாங்க, வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டாரு." மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கி வருகிறது. எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது, அவர் எங்கே என்றால், எப்போது வருவார் என்றால், ஏன் விற்கிறீர்கள் என்றால், எல்லாவற்றுக்கும். அப்போதே தெரியுமா இவளுக்கு? துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சைலண்ட் சைலண்ட் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே, தெரிந்துகொண்டேதான் கேட்டாளா? ஹேமலதா ஹாலில் வந்து நின்று, "அக்கா, எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குதுங்க. சார் எப்ப வருவாருங்க, நேர்ல பாத்துப் பேசிட்டே போயரலாம்னு இவரு சொல்றாரு" என்றாள். காதில் சம்மு, "ஏம்மா கட் பண்ணுன?" என்றாள்.

"உங்கப்பாதான் கூப்பிடறாருன்னு நெனச்சேன் சம்மு" என்றேன். சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது, ஹேமலதா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஈஸ்வரன் அவளுக்குப் பின்னால் நின்று வேண்டாங்க்கா, வேண்டாங்க்கா என்று கையை ஆட்டினான். "நடிக்கறாருன்னு நெனச்சேன். கோவம். எனக்கு அத்தன கோவம். போனு கையிலதான் இருந்துச்சு, உங்கப்பா பேரப் பாத்துட்டேதான் கட் பண்ணுனேன். மூணு தடவையும் நான்தான் கட் பண்ணுனேன். அவரு இந்த ரூம்ல உயிருக்கு இழுத்துட்டிருந்தாரு, நான் அங்க வெத்தல மாத்திட்டிருந்தேன்." ஹேமலதா உள்ரூமைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க இது?" என்று பிரபு ஈஸ்வரனைக் கேட்டதும், அவன் என்னவோ சமாதானம் சொன்னதும், கேட் திறந்ததும், கார் கிளம்பியதும் கேட்டது. நான் நிலையிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தேன். போனில் சம்மு அழுதுகொண்டிருந்தாள். காரியத்தன்றுகூட அழாதவள், மூச்சு விடாமல், சின்ன வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் அழுவாளே அப்படி வாய்விட்டு அழுதாள். அழாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அங்கே நங்கையா ஓடிவந்து என்னாச்சு கண்ணு, என்னாச்சு என்று கேட்பதும், இவள் ஒண்ணுமில்ல அத்தை, அம்மாகிட்டப் பேசிட்டிருக்கேன் என்று சொல்வதும் காதில் விழுந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். அவர் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன்.